ரத்தத்தில் கொரோனாவின் மரபுப்பொருள்: அந்த முடிவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கொரோனா நோயாளியின் ரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், யாருக்கு நோய் முற்றும், யாருடைய உயிருக்கு ஆபத்து என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். 2020 முதல் பல நாடுகளின் ஆய்வுகள் இதைச் சொல்லி வருகின்றன. செய்தி நம் ஊர்ப் பக்கம் வந்து சேரும்போது, "ரத்தத்துல வைரஸ் கலந்துட்டா பொழைக்க மாட்டாங்களாம்" என்று உருமாறிவிடுகிறது. "அந்த டெஸ்ட்டையும் எடுத்துப் பாத்துருவோமே" என்று ஆய்வகத்தில் போய்க் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுகள் இந்த இரண்டையுமே சொல்லவில்லை.

செட்டிநாட்டில் இந்தக் குழப்பத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும், பெரிய வீட்டில் வயதான தம்பதி மட்டும் இருப்பார்கள். அல்லது ஓர் ஆச்சி, கூடமாட உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு தனியாக இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். காரைக்குடியில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வாட்ஸ்அப்பில் அவர்களுக்குப் போகும். மதுரைக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்பதை அவர்கள் அங்கிருந்து சொல்வார்கள். நோயாளியை நேரில் பார்க்காமல் தாளிலுள்ள எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற வீடுகள் இவை. அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்திருப்பது அவசியம்.

மரபுப்பொருள் வேறு, உயிருள்ள வைரஸ் வேறு

கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஒற்றை இழை, ஏறத்தாழ 30,000 எழுத்துகள் நீளம். தன்னைப் படியெடுக்கத் தேவையான மொத்தக் கட்டளையும் அதற்குள் இருக்கிறது. பி.சி.ஆர். பரிசோதனை இந்த நீண்ட இழையில் குறிப்பிட்ட ஓரிரு சிறு பகுதிகளை மட்டும் தேடிப் பிடித்து, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொண்டுவருகிறது.

ஆகவே பாசிட்டிவ் என்றால் அந்தத் துண்டு அங்கே இருந்தது என்றுதான் பொருள். அது முழு வைரஸிலிருந்து வந்ததா, சிதைந்துபோன செல்லிலிருந்து கசிந்த எச்சமா என்பதைப் பி.சி.ஆர். பிரித்துச் சொல்லாது. வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, மாதிரியை ஆய்வகத்தில் செல்களின் மேல் விட்டு வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். கொரோனா நோயாளிகளின் ரத்தத்திலிருந்து அப்படி வைரஸை வளர்த்தெடுப்பது மிக அரிதாகவே முடிந்திருக்கிறது.

இந்த எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே இருந்தது. 2020 ஜனவரி 24 அன்று லான்செட் இதழில் வூஹான் நகரின் முதல் 41 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அவர்களில் 6 பேரின் பிளாஸ்மாவில், அதாவது ரத்த அணுக்களை நீக்கிய பின் எஞ்சும் திரவத்தில், வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தது. "ரத்தத்தில் வைரஸ்" என்று அவர்கள் எழுதவில்லை. தொற்றும் திறனுள்ள வைரஸ் இருக்கிறதா என்று தாங்கள் சோதிக்கவில்லை என்பதால், "ரத்தத்தில் ஆர்.என்.ஏ." என்ற பொருள் தரும் சொல்லையே பயன்படுத்துவதாகக் கட்டுரையிலேயே விளக்கினார்கள். பிறகு வந்த செய்திகளில் அந்தக் கவனம் காணாமல் போனது பெரிய இழப்பு.

ரத்ததானம் பற்றிய பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ரத்தம் ஏற்றியதன் வழியாக ஒருவருக்குக் கொரோனா தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. கொசு வழியாகவும் பரவாது. 2021 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், தொற்று வந்தவர்கள் ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் ஆகி 14 நாள் கழித்து ரத்தம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. முகாமுக்கு வருபவரை, "ஒனக்குக் கொரோனா வந்துச்சே" என்று சொல்லித் திருப்பி அனுப்ப இன்று எந்த அடிப்படையும் இல்லை.

டெங்குவுக்கு ரத்தத்தில்தானே பார்க்கிறோம்?

நியாயமான கேள்வி. டெங்கு வைரஸுக்கு ரத்தம்தான் பாதை. ஒரு கொசு கடிக்கும்போது வைரஸை உடலுக்குள் விடுகிறது. அடுத்த கொசு ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் காய்ச்சலின் முதல் சில நாட்களில், டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையை ரத்தத்தில் செய்தால் கிடைத்துவிடும். அது நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி போன்றவற்றிலும் ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு செய்கிறார்கள்.

கொரோனா மூச்சுப்பாதையின் நோய். அதன் இடம் மூக்கும் தொண்டையும் நுரையீரலும். ரத்தம் அதன் வழக்கமான இடமே இல்லை. அங்கே அதன் மரபுப்பொருள் தென்படுகிறது என்றால், அது இருக்கக் கூடாத இடத்துக்கு எப்படி வந்தது என்ற கேள்வி எழுகிறது. ஆய்வாளர்களின் அக்கறை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொரோனா இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை பயன்படாது. ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் ஒருவருக்கு நோய் இருக்கலாம். அவர் மற்றவர்களுக்குப் பரப்பிக்கொண்டும் இருக்கலாம்.

ஒரே தாளில் குழம்பும் எண்கள்

இரண்டாம் அலையின்போது தொலைபேசியில் அடிக்கடி கேட்ட பேச்சு இது: "அப்பச்சிக்கு சிடி எவ்வளவு?" "பதினெட்டாம்." இந்தப் பதினெட்டுக்கு இரண்டு பொருள் உண்டு.

முதலாவது, சளி மாதிரியின் சிடி மதிப்பு. வைரஸின் துண்டு கண்ணுக்குத் தெரிய எத்தனை சுற்று இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது என்ற எண். குறைந்த எண் என்றால் அதிக வைரஸ். ஏறத்தாழ 3.3 சுற்று வித்தியாசம் என்பது பத்து மடங்கு வித்தியாசம். அதாவது 18-க்கும் 28-க்கும் இடையே சுமார் ஆயிரம் மடங்கு. 35 வரை பாசிட்டிவ் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். எல்லை வைத்தது.

இரண்டாவது, நெஞ்சு ஸ்கேனில் போடும் சிடி ஸ்கோர். நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று 25-க்குப் போடும் மதிப்பெண். இங்கே எண் கூடினால்தான் ஆபத்து. 25-க்கு 18 என்றால் கடுமையான பாதிப்பு.

ஒன்றில் இறங்கினால் கவலை, மற்றதில் ஏறினால் கவலை. அதிலும் சளி மாதிரியின் சிடி மதிப்பை வைத்து நோயின் கடுமையை எடைபோடக் கூடாது என்று ஐ.சி.எம்.ஆர். 2020-லேயே சொல்லிவிட்டது. குச்சியை எவ்வளவு ஆழம் விட்டார்கள், எந்த நாளில் எடுத்தார்கள், எந்த கிட், மாதிரி எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தது என்பதை எல்லாம் பொறுத்து அந்த எண் மாறும். சிடி 15 இருந்தவர் மூன்று நாளில் எழுந்து நடமாடியதும், சிடி 30 இருந்தவர் ஐ.சி.யூ.வுக்குப் போனதும் நடந்தன. செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, வளவு என்னும் உள்முற்றத்தைத் தாண்டி இரண்டாங்கட்டு வரை யார் போயிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாதல்லவா?

வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் வரும் சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின், எல்.டி.எச். ஆகியவை வைரஸை அளப்பதில்லை. வைரஸுக்கு உடல் காட்டும் எதிர்வினையை அளப்பவை. சி.ஆர்.பி. எந்த அழற்சியிலும் ஏறும். டி-டைமர், ரத்தம் உறைந்து கரைவதன் அடையாளம். எல்.டி.எச்., செல்கள் சிதைவதன் அடையாளம். ரத்தத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ.வை அளப்பது இந்த வரிசையில் சேராத தனிப் பரிசோதனை. வழக்கமான 'கோவிட் பேக்கேஜ்' எதிலும் அது கிடையாது.

மூக்கிலிருந்து ரத்தம் வரை

மரபுப்பொருள் ரத்தத்துக்குள் வரும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. வைரஸ் முதலில் மூக்கின் உட்சவ்வில் பெருகுகிறது. பெரும்பாலானோருக்கு நோய் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. இதை நிறுத்தும் முதல் காவல் இன்டர்ஃபெரான் என்ற புரதங்கள். தொற்றிய செல் இவற்றை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது.

2. சிலருக்கு இந்த முதல் காவலே ஊனமாக இருக்கிறது. 2020-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 பேரில் 101 பேரின் உடலில், அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடிகள்) இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசான நோயோடு தப்பிய 663 பேரில் ஒருவருக்குக்கூட அவை இல்லை. தம்பதியில் ஒருவர் இருமலோடு தப்பிக்க, மற்றவர் வென்டிலேட்டருக்குப் போன வீடுகள் எத்தனையோ. அவர்களில் சிலருக்காவது விடை இங்கே இருக்கக்கூடும்.

3. காவல் தளர்ந்தால் வைரஸ் நுரையீரலின் காற்றுப்பைகளுக்கு இறங்குகிறது. காற்றுப்பைகள் 30 கோடிக்கு மேல் இருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெலிது. ஆக்சிஜன் கடப்பதற்காக அவ்வளவு மெலிதாக அமைந்த சுவர் அது.

4. சுவரின் ஒருபுறத்துச் செல்கள் வைரஸால் அழிகின்றன. மறுபுறத்து ரத்தக்குழாய் உள்உறை, அழற்சியால் இளகிக் கசியத் தொடங்குகிறது. சிதைந்த செல்களின் குப்பையோடு வைரஸின் ஆர்.என்.ஏ.வும் ரத்தத்தில் இறங்குகிறது. அதே கசிவுதான் காற்றுப்பைக்குள் நீர் கோக்கவும் ஆக்சிஜன் அளவு இறங்கவும் காரணம்.

5. ரத்தத்தில் இறங்கியதை அகற்ற வேண்டியது எதிர்ப்பான்களின் வேலை. அவை போதிய அளவில் உரிய நேரத்தில் வந்திருந்தால், ஆர்.என்.ஏ. நீடிக்காது.

ஆக, ஆர்.என்.ஏ. ரத்தத்தில் இருப்பது மூன்று செய்திகளை ஒன்றாகச் சொல்கிறது: நுரையீரலில் வைரஸ் நிறையப் பெருகியிருக்கிறது, சுவர் உடைந்திருக்கிறது, நோய் எதிர்ப்பு பின்தங்கியிருக்கிறது. சி.ஆர்.பி.யோ டி-டைமரோ இந்த மூன்றில் ஒன்றின் விளைவை மட்டுமே காட்டும். ரத்தத்திலுள்ள ஆர்.என்.ஏ.வுக்குக் கணிக்கும் வலு அதிகம் என்பதற்கு எனக்குப் பிடிபடும் விளக்கம் இதுதான்.

ஆய்வுகளில் கிடைத்தவை

தொடக்கத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2020 மார்ச்சில் ஜாமா இதழில் வந்த சீன ஆய்வில் 307 ரத்த மாதிரிகளில் 3 மட்டுமே பாசிட்டிவ், அதாவது 1 சதவீதம். வூஹானின் 41 பேரில் 15 சதவீதம். அங்கும் அளவு மிகக் குறைவு. சிடி மதிப்பு 35-ஐ ஒட்டி, கருவி காணக்கூடிய எல்லையின் விளிம்பில் இருந்தது.

பிறகு ஸ்பெயினில் 250 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 50 பேர் வெளிநோயாளிகள், 100 பேர் வார்டில் இருந்தவர்கள், 100 பேர் ஐ.சி.யூ.வில் இருந்தவர்கள். பிளாஸ்மாவில் ஆர்.என்.ஏ. கிடைத்தது முறையே 2, 27, 78 சதவீதத்தினரிடம். நோயின் கடுமை கூடக் கூட எண்ணும் கூடிக்கொண்டே போனது. அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த ஆய்விலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 27 சதவீதம் வந்தது. ஆனால் அங்கே அறிகுறியுள்ள வெளிநோயாளிகளிலேயே 13 சதவீதம்.

1, 15, 27, 78 என்று இவ்வளவு வித்தியாசம் ஏன்? யாரைச் சோதித்தார்கள் என்பது ஒரு காரணம், எந்தக் கருவி என்பது இன்னொன்று. ஸ்பெயின் குழு சாதாரண பி.சி.ஆரைப் பயன்படுத்தவில்லை. அவர்களுடைய துளி டிஜிட்டல் பி.சி.ஆர். முறையில், மாதிரியை ஏறத்தாழ 20,000 நுண்துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியிலும் தனித்தனியாக வைரஸின் துண்டு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கொஞ்சநஞ்சம் இருந்தாலும் அகப்பட்டுவிடும். எனவே ஓர் ஆய்வின் சதவீதத்தைத் தூக்கி இன்னோர் ஊரின் கருவிக்குப் பொருத்தக் கூடாது. ஒரு கருவி 'இல்லை' என்று சொன்ன மாதிரியில் இன்னொன்று 'இருக்கிறது' என்று சொல்லும்.

2021 நவம்பரில் கனடாவின் மான்ட்ரியல் குழு சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் முக்கியமானது. 279 நோயாளிகளிடம் அவர்கள் வைரஸ் ஆர்.என்.ஏ.வை மட்டுமல்லாமல், எதிர்ப்பான்கள், அழற்சிப் புரதங்கள், திசு சிதைவின் அடையாளங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அளந்தார்கள். அறிகுறி தொடங்கிய 11-ஆம் நாளை ஒட்டி எடுத்த ரத்தத்தில் இருந்த ஆர்.என்.ஏ. அளவு, வயதையும் பாலினத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இறப்பைக் கணிப்பதில் வலுவாக நின்றது.

இவை பெரும்பாலும் தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்து நோயாளிகளிடம் நடந்தவை. தடுப்பூசி போட்டும், நோய் வந்து போயும் இருக்கிற இன்றைய உடலில் எதிர்ப்பான்கள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. அன்றைய சதவீதங்கள் இன்றைக்கு அப்படியே பொருந்தாது.

நாள் கணக்கு தெரியாத எண்ணுக்கு மதிப்பில்லை

மான்ட்ரியல் ஆய்வில் '11-ஆம் நாள்' என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் வைரஸின் அளவு அறிகுறி தொடங்கும் நாட்களை ஒட்டி உச்சத்தில் இருந்துவிட்டுப் பிறகு இறங்குகிறது. நோய் முற்றுபவர்களுக்கு மூச்சுத்திணறல் பெரும்பாலும் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் வருகிறது. நான்காம் நாள் ரத்தத்தில் ஆர்.என்.ஏ. இருப்பதும், பன்னிரண்டாம் நாளும் அது போகாமல் இருப்பதும் ஒன்றல்ல. எதிர்ப்பான்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரத்திலும் வைரஸின் பொருள் தங்கியிருக்கிறது என்பதுதான் அபாயச் செய்தி.

ஆய்வக அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாதிரி எடுத்த தேதி, ஆய்வகத்துக்கு வந்த தேதி, முடிவு அச்சான தேதி என்று மூன்று தேதிகள் இருக்கும். நோயைக் கணக்கிட மிகவும் தேவையான நான்காவது தேதி, அதாவது காய்ச்சலோ தொண்டை வலியோ முதலில் வந்த நாள், பெரும்பாலும் அதில் இராது. வீட்டில் கேட்டால், டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். "வெள்ளிக்கிழமைதான் பாசிட்டிவ் வந்துச்சு, அஞ்சு நாள்தான் ஆகுது" என்பார்கள். துருவிக் கேட்டால், அதற்கு நாலு நாள் முன்பே உடம்பு வலியும் வாய்க்கசப்பும் இருந்திருக்கும். அந்த நோயாளி ஒன்பதாம் நாளில் இருக்கிறார். ஐந்தாம் நாள் என்று நினைத்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் அந்த நான்கு நாள் வித்தியாசம், ஆக்சிஜன் தேவைப்படும் நேரத்தைத் தவறவிடப் போதும்.

முதல் அறிகுறி தேதியை ஒரு தாளில் எழுதி, எல்லா முடிவுகளோடும் சேர்த்து வைத்தாலே போதும். ஃபோனில் அனுப்பும்போது அந்தத் தாளைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

பாசிட்டிவ் என்றால் மரணம் என்று பொருளில்லை

கணிப்பு என்பது கூட்டத்துக்குப் பொருந்தும். தனி ஆளுக்கு அது வாய்ப்பு மட்டுமே. புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். எந்த ஆய்வின் எண்களும் அல்ல இவை.

வார்டில் 100 பேர். அவர்களில் 10 பேருக்குப் பிறகு நோய் முற்றப்போகிறது. பரிசோதனை அந்த 10 பேரில் 8 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. மீதி 90 பேரில் 20 பேரையும் சேர்த்துப் பாசிட்டிவ் என்று காட்டுகிறது. மொத்தம் 28 பாசிட்டிவ். அவர்களில் நோய் முற்றுபவர்கள் 8 பேர். மூன்றில் ஒருவருக்கும் குறைவு. பாசிட்டிவ் வந்த 20 பேர் தேறி வீட்டுக்குப் போகிறார்கள். நெகட்டிவ் வந்தவர்கள் 72 பேர். அவர்களிலும் 2 பேருக்கு நோய் முற்றுகிறது.

மருத்துவருக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும். எந்த 28 படுக்கைகளை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. வீட்டாருக்கோ அதே பாசிட்டிவ் தலையில் இடியாக இறங்கும். அது தேவையில்லாத இடி. நெகட்டிவ் வந்தவர் வீட்டில் வரும் நிம்மதியும் அந்த இரண்டு பேர் விஷயத்தில் தவறாகப் போகும். வயது, சர்க்கரை, சிறுநீரக நோய், எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும் சேர்ந்துதான் தனி ஆளின் நிலையைச் சொல்லும். ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் எந்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ரத்தத்திலுள்ள ஆர்.என்.ஏ. அடையாளமா, காரணமா என்பது தீரவில்லை. உடைந்த நுரையீரலின் எச்சமாக மட்டும் அது இருந்தால், அதைக் குறைப்பதால் நோயாளிக்கு நன்மை வராது. ரத்தத்தின் வழியே போய் மற்ற உறுப்புகளைத் தாக்குகிறது அல்லது ரத்தக்குழாய்களைத் தூண்டி உறையவைக்கிறது என்றால், அதைக் குறைப்பதே சிகிச்சையாகும்.

சிகிச்சையில் என்ன மாறலாம்

ஒரு பரிசோதனை மருந்தை மாற்ற உதவினால்தான் அதற்குச் செலவிடுவதில் அர்த்தமுண்டு. இங்கே சில தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. இந்தப் பிரிவில் மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதம், பெறாதவர்களில் 14 சதவீதம் இறந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை, வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் முதல் வாரத்தில் கொடுப்பது நல்லதல்ல என்று சொல்ல அதுவே போதும். 2021 மே மாதம் வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச் சீட்டுகளைப் பார்த்து, காய்ச்சல் வந்த அன்றே ஸ்டீராய்டு மாத்திரை போட்டவர்கள் நம் ஊர்களிலும் இருந்தார்கள். சர்க்கரை எகிறியது. கறுப்புப் பூஞ்சை பயமும் அந்த மாதத்தில்தான் வந்தது. வைரஸ் இன்னும் பெருகும் கட்டமா, அழற்சி கட்டுமீறிய கட்டமா என்று பிரித்துக் காட்டும் ஒரு ரத்த எண் அன்று இருந்திருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதிர்ப்பான் மருந்து விஷயத்தில் இதே பாடம் இன்னும் தெளிவாகக் கிடைத்தது. ரெக்கவரி ஆய்விலேயே இரண்டு எதிர்ப்பான்களைக் கலந்து கொடுத்தபோது, சொந்த எதிர்ப்பான் உருவாகாத நோயாளிகளின் இறப்பு 30 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்தது. ஏற்கெனவே எதிர்ப்பான் இருந்தவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. யாருக்கு எது குறைகிறது என்று அளந்து கொடுத்தால்தான் மருந்து வேலை செய்கிறது.

நோயிலிருந்து தேறியவர்களின் பிளாஸ்மாவை அதிலுள்ள எதிர்ப்பான்களுக்காக ஏற்றிய நம் நாட்டின் பிளாஸ்மா சிகிச்சையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வு, அதனால் நோய் முற்றுவதும் இறப்பும் குறையவில்லை என்று 2020-லேயே சொன்னது. ஆனாலும் 2021 மே மாதம் வழிகாட்டுதலிலிருந்து நீக்கப்படும்வரை, குடும்பங்கள் பிளாஸ்மா கேட்டு ஊர் ஊராக அலைந்தன.

காரைக்குடியிலிருந்து பார்த்தால்

ஆர்.என்.ஏ. மிக எளிதில் சிதைந்துவிடும். ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து, சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சின்ன ஊர்களில் உள்ள பல ரத்தச் சேகரிப்பு மையங்கள் மாதிரியை எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்புபவை. காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காலையில் எடுத்த ரத்தம் போய்ச் சேர்ந்து, மற்ற ஊர் மாதிரிகளோடு கருவியில் ஏறி, முடிவு வரும்போது மறுநாள் மாலை ஆகிவிடும். ஒன்பதாம் நாளில் எடுத்து, பதினொன்றாம் நாளில் வரும் முடிவு, அதற்குள் ஆக்சிஜன் இறங்கிவிட்டவருக்கு எதற்கு? தனி ஆளாகப் பணம் கட்டி எடுக்கும் பரிசோதனையாக இது வளரக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தத் தாமதம்தான். சேர்க்கும் வார்டுக்குப் பக்கத்திலேயே, மருத்துவர் கேட்டு, சில மணி நேரத்தில் முடிவு வரும் பரிசோதனையாக இருந்தால்தான் பயன்.

அதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. கொரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குப் பி.சி.ஆர். கருவிகள் வந்தன, 2012-ல் தொடங்கிய சிவகங்கை மருத்துவக் கல்லூரி காரைக்குடிக்கு எட்டும் தூரம்தான். மூக்குச் சளியில் ஆர்.என்.ஏ. பார்க்கத் தெரிந்த பணியாளருக்குப் பிளாஸ்மாவில் பார்ப்பது புதிய வித்தை இல்லை. தேவைப்படுவது அளவீட்டுத் தரம்: எந்த ஆய்வகத்தில் பார்த்தாலும் ஒரே மாதிரிக்கு ஒரே எண் வர வேண்டும். எச்.ஐ.வி. வைரஸ் அளவுக்கு இது நடந்தது. உலகம் முழுக்க ஒரே அலகில், ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிரதி என்று பேசுகிறார்கள். கொரோனாவின் ரத்த அளவுக்கு, மருத்துவமனைகள் அன்றாடம் கையாளும் அப்படியொரு எல்லைக்கோடு இன்னும் வரவில்லை.

இன்னொரு குறுக்குவழியும் திறந்திருக்கிறது. ஆர்.என்.ஏ.வுக்குப் பதிலாக, அதைச் சுற்றியிருக்கும் வைரஸ் புரதத்தை, அதாவது நியூக்ளியோகேப்சிட் ஆன்டிஜெனை, ரத்தத்தில் அளக்கலாம். மருத்துவமனையில் சேர்ந்த 2,540 பேரை வைத்து 2022-ல் வந்த ஆய்வில், சேரும்போதே அந்தப் புரதம் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. ஆர்.என்.ஏ. போல அது சட்டென்று சிதையாது; பி.சி.ஆர். கருவியும் வேண்டாம். விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் மின்வேதியியலில் இயங்குகிறது. புரதங்களை அளக்கவும் அதே அறிவியலில் உணரிகள் செய்யலாம். அந்தத் துறைக்கென்றே நாட்டில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், 1953-லிருந்து காரைக்குடியிலேயே இயங்குகிறது. நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து அரை மணி நேரத்தில் வைரஸ் புரதத்தின் அளவைச் சொல்லும் கருவி வருமானால், அதை முதலில் வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள்.